கரடிகள் தூங்கப் போகிற மாதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. டெனாலி மலைக்கு முன்னால் நீ நிற்கிற படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். கேஸ் கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்தி வைத்து, "என் பையன், அலாஸ்காவில் இருக்கிறான்" என்று காட்டுகிறார்.

நீ துப்பாக்கி வாங்கப் பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கிரீன் கார்டு வந்த அன்றைக்குப் பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தேன். அது இருந்தால் கடையில் போய்த் துப்பாக்கியும் வாங்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கரடிக்காக என்றாயாம். கோத்தகிரிக்காரிக்குக் கரடியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதே, மறுநாள் காலையில் பலகையில் இருந்த நகக் கீறலில் நீ விரலை வைத்துப் பார்த்தாய். உன் விரல் அதில் அப்படியே பதிந்தது. நம் ஊர்க் கரடி நூறு கிலோ சொச்சம். அங்கே பழுப்புக் கரடியில் ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஓடினால் மணிக்கு 55 கிலோமீட்டர், அதாவது நொடிக்குப் பதினைந்து மீட்டர். முப்பது மீட்டர் தள்ளிப் புதரிலிருந்து கிளம்பினால் உனக்கு இருப்பது இரண்டு நொடி. பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவள், இந்தக் கணக்கை எனக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த இரண்டு நொடிக்குள் எந்தத் துப்பாக்கி என்பதையும் படித்தேன். பாயிண்ட் 44 மேக்னம் ரிவால்வரில் ஆறு குண்டு, உதை, அதாவது சுடும்போது கையைப் பின்னால் தள்ளுவது, பலமாக இருக்கும், முதல் குண்டு தவறினால் இரண்டாவதைக் குறிவைக்க நேரமாகும். பத்து மில்லிமீட்டர் கிளாக் 20 பிஸ்டல் என்றால் பதினைந்து குண்டு, உதை குறைவு, ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் வேகமும் எடையும் குறைவு. எதுவானாலும் நுனி விரிகிற குண்டு கூடாது, கொழுப்பிலும் தசையிலும் நின்றுவிடும்; கெட்டியான ஈயத்தில் வார்த்த குண்டுதான் ஆழமாகப் போகும் என்கிறார்கள். பையின் இடுப்புப் பட்டை மறைக்கும் என்பதால் உறையை நெஞ்சில்தான் கட்டவேண்டுமாம். சரி, நீ வாங்குவதாக இருந்தால் இதையெல்லாம் பார்த்து வாங்கு. வாங்கியபின் சுட்டுப் பழகாமல் மலைக்குப் போகாதே.

ஆனால் இதையும் படி. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ என்ற கரடி ஆராய்ச்சிக்காரர்கள் அலாஸ்காவில் நடந்தவற்றையே தொகுத்திருக்கிறார்கள். 1985 முதல் 2006 வரை மிளகாய் ஸ்ப்ரே அடித்த நிகழ்வுகளில் பழுப்புக் கரடி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை நின்றிருக்கிறது. ஸ்ப்ரே கையில் இருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கீறல்கூட இல்லை. 2012இல் துப்பாக்கியைப் பற்றி எழுதினார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலித்திருக்கிறது. கையில் இருந்த துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் அடிபட்டதில் வித்தியாசம் இல்லையாம். இரண்டு கணக்கிலும் நிகழ்வுகள் ஒரே மாதிரியானவை இல்லை என்று சொல்வாய், எனக்கும் தெரிகிறது. என்றாலும் ஏழெட்டு மீட்டருக்குப் புகை மாதிரிப் பரவுகிற ஸ்ப்ரேக்குக் குறி பார்க்க வேண்டாம், நடுங்குகிற கைக்கு அதுதான் சௌகரியம். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்கு. பைக்குள் போடாதே, பெல்ட்டில் மாட்டு. இரண்டாக வாங்கு.

இன்னொன்று. உயிரைக் காத்துக்கொள்ளக் கரடியைச் சுட்டால், அதன் தோலை உரித்து, நகத்தோடும் மண்டையோட்டோடும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அலாஸ்காவில் சட்டம். கோழி அறுப்பதைப் பார்த்துவிட்டால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாயே கண்ணு, ஆளில்லாத காட்டில் நீ தனியாக அதைச் செய்வாயா?

தனியாகத்தானே போகிறாய். இது சால்மன் மீன் ஆற்றில் ஏறுகிற காலம், ஓடைக்கரை எல்லாம் கரடி. தேயிலைக்குப் போகிற பெண்கள் ஏன் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்? கரடி திடுக்கிடக் கூடாது என்றுதான். ஒருத்தனாவது கூட வரட்டும். போன வருஷம்வரை சூகாச் மலைக்கு ஒரு கூட்டமாகப் போனீர்களே, அவர்கள் எல்லோரும் எங்கே? ஞாயிற்றுக்கிழமை பேசுவதையும் நிறுத்திவிட்டாய். நான் போன் செய்தால் "வேலை, அம்மா" என்கிறாய், குரலில் வேலை தெரியவில்லை. சித்ரா விஷயத்தைக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன், கேட்கமாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அக்டோபர், நவம்பரில் கரடிகள் குகைக்குள் தூங்கப் போய்விடும், ஏப்ரலுக்கு முன்னால் பெரும்பாலும் வெளியே வராது என்று நீயே முதல் வருஷம் எனக்கு எழுதினாய். அந்த மாதங்களில் துப்பாக்கி எங்கே இருக்கும்? டிசம்பரில் ஆங்கரேஜில் ஐந்தரை மணி நேரம்தான் வெளிச்சம். கரடி இல்லை, மலைக்கும் போகமாட்டாய். அந்த இருட்டில், அந்த வீட்டில், நீயும் அதுவும் மட்டும் இருக்க வேண்டாம்.

பெரிய மாமாவுக்கு அப்புறம் பாட்டி தோட்டத்து மருந்து அறையின் சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் என்று நீ கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது நீ பெரியவன்.

வாங்காதே என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், உன் அப்பாவின் பிடிவாதம். அதனால் வாங்கு. வாங்கினால் அக்டோபர் முடிவதற்குள் உன் ஆபீஸ் திருநெல்வேலி அண்ணன் வீட்டு லாக்கரில் கொண்டுபோய் வைத்துவிடு. சாவி, நம்பர் இரண்டும் அவரிடமே இருக்கட்டும். ஏப்ரலில் திருப்பி வாங்கிக்கொள். அவருக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல், அது போதும்.

பொய்யாக இருக்க வேண்டாம், நிஜமாகவே வா. அப்பாவுக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். லீவு தேதியை மாப்பிள்ளைக்கு அனுப்பினால் அவர் டிக்கெட் போட்டுவிடுவார். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா