ஆம்ப்ளிஃபையர் எரிந்ததற்கு மின்னல் காரணமல்ல: வாரண்டி மறுப்பை எதிர்த்துப் புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
சமுதாய வானொலி நிலையம்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஒலிபரப்புக் கருவிகள் பிரிவு, கோயம்புத்தூர்.
நகல்: எர்ணாகுளம் கிளை மேலாளர்.

பொருள்: எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் பவர் ஆம்ப்ளிஃபையரும் பொருத்தியதில் குறைபாடு, வாரண்டி மறுப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவனம் மாசி மாதம் எங்கள் நிலையத்தில் ராக்கில் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டம்) பொருத்திக் கொடுத்த 50 வாட் பவர் ஆம்ப்ளிஃபையர் ஐப்பசியில் எரிந்து போனது. அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: "மின்னல் தாக்கியதால் வாரண்டி பொருந்தாது." ஆள் அனுப்பவில்லை, பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, ஒரு போட்டோகூடக் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே எங்கள் டவரில் மின்னல் விழுந்ததைப் பார்த்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தொலைபேசித் துறையில் டவர், கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கீழே எழுதியிருப்பது யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

ஆம்ப்ளிஃபையர் நின்றது வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். விவசாய நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. முந்தின இரவும் இடி மழை இல்லை. அதே ராக்கில் இருக்கும் எக்ஸைட்டர் (ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் கொடுக்கும் சிறிய டிரான்ஸ்மிட்டர்), யுபிஎஸ், ஆடியோ பிராசஸர், பக்கத்து மேசையில் இருக்கும் மிக்சர், கம்ப்யூட்டர் எல்லாம் இன்றுவரை நன்றாக ஓடுகின்றன. டவர் வழியாக வந்த மின்னல் ஒரே ஒரு பெட்டியை மட்டும் தேடிப் பிடித்து எரித்துவிட்டு மற்றதைத் தொடாமல் போனது என்றால் நம்புவது கஷ்டம்.

சரி, வாதத்துக்காக மின்னல்தான் என்றே வைத்துக்கொள்வோம். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில், மின்னலைத் தரைக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் போட வேண்டும். அது உங்கள் கொட்டேஷனில் இருக்கிறது, பில்லில் இருக்கிறது, சுவரில் மட்டும் இல்லை. கேபிளின் மேலுறைக் கம்பியை டவர் உச்சியிலும் அடியிலும் எர்த் செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் செய்யவில்லை. ராக்கிலிருந்து எர்த் குழிக்குச் செப்புப் பட்டை என்று எழுதிப் பணம் வாங்கிவிட்டு, மெல்லிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி ஒன்றை இழுத்து, கட்டடத்து ஒயரிங் எர்த்தோடு முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த முறுக்கிலும் துரு ஏறிவிட்டது. ஆக, மின்னல் என்றாலும் பொறுப்பு சுற்றிச் சுற்றி உங்களிடமே வருகிறது.

ஆனால் எரித்தது மின்னல் இல்லை. உங்கள் ஆட்கள் பொருத்திய லட்சணம்தான் எரித்தது.

ராக்கிலிருந்து தொடங்குகிறேன். கனமான யுபிஎஸ்ஸை அடியில் வைப்பதுதான் முறை, அதை வைத்தார்கள். ஆனால் அதன் தலைமேலேயே ஆம்ப்ளிஃபையர், அதன்மேல் எக்ஸைட்டர், நடுவில் இம்மிகூட இடைவெளி இல்லை. ராக்கில் ஒரு 'யூ' என்பது 44.45 மில்லிமீட்டர். இருபத்து நான்கு யூ உயர ராக்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, காற்றுக்காக ஒரே ஒரு யூ விட மனம் வரவில்லை. ஆம்ப்ளிஃபையரின் ஃபேன் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். பின்பக்கத்தை நான்கு விரல் இடைவெளியில் சுவரோடு ஒட்டி வைத்து, பின்கதவையும் பூட்டிவிட்டார்கள். யுபிஎஸ்ஸின் சூடும் சேர்ந்து அந்தச் சந்திலேயே சுற்றுகிறது. பாலக்காட்டுக் கோடை எப்படி இருக்கும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைத் தாங்கப் பக்கவாட்டு ரெயிலும் கிடையாது. மொத்த எடையும் முன்பக்கக் காதுகளில் தொங்குகிறது. நான்கு திருகுகளில் இரண்டுதான் சரியான கேஜ் நட்டில் போட்டவை. மற்ற இரண்டும் தகரத்தில் ஏற்றும் திருகுகள், ராக் தூணின் துளையையே கிழித்து வைத்திருக்கின்றன. இடது காது வளைந்து, பெட்டியின் வால் யுபிஎஸ் மேல் சாய்ந்து கிடக்கிறது.

பொருத்திய அன்றே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். "அதெல்லாம் அடுத்த விசிட்ல பார்த்துக்கலாம் சார்" என்றார் வந்த தம்பி. அதனால் வேலை முடிவு அறிக்கையின் ஓரத்திலேயே, "ராக் பின்புறம் இடமில்லை, ரெயில் இல்லை, சர்ஜ் அரெஸ்டர், எர்த் பாக்கி" என்று கையால் எழுதினேன். அதன் கீழே உங்கள் டெக்னீஷியனின் கையெழுத்து இருக்கிறது. அந்த அடுத்த விசிட் இன்றுவரை வரவில்லை.

இனி கேபிள். கொட்டேஷனில் அரை அங்குல ஃபோம் கேபிள், 40 மீட்டர். டவரில் தொங்குவது ஆர்ஜி-213, அதைவிட மெலிந்த, பவரை அதிகம் தின்னும் கேபிள். சந்தேகமே வேண்டாம், கேபிளின் மேலேயே அச்சடித்திருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 40 மீட்டர் ஆர்ஜி-213 ஏறக்குறைய 2.6 டெசிபெல் தின்றுவிடும். அதாவது கீழே 50 வாட் கொடுத்தால் மேலே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது சுமார் 27 வாட். அரை அங்குலக் கேபிளாக இருந்தால் 40 வாட்டுக்கு மேல் போயிருக்கும். பவரைக் கூட்டி ஈடுகட்டவும் எங்களுக்கு வழியில்லை. சமுதாய வானொலிக்கு அரசு பொதுவாக அனுமதிப்பது 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான்; டவரும் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. கிடைப்பதே அவ்வளவு என்கிறபோது, அதில் பாதியைக் கேபிளிலேயே சூடாக்கி விட்டுவிட்டோம்.

அந்தக் கேபிளை டவரில் கட்டியது பிளாஸ்டிக் டேக்கால். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் தென்னை ஓலையைக் கிழிக்கும். டேக்கெல்லாம் வெயிலில் நொறுங்கி, கேபிள் டவரில் அடித்துக்கொண்டு ஆடியது. மேலே ஆன்டெனா கனெக்டரில் முதலில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் சுற்ற வேண்டும். உங்கள் ஆட்கள் சுற்றியது வீட்டு ஒயரிங்குக்குப் போடும் கறுப்பு டேப் மட்டும், அதுவும் மேலிருந்து கீழாக. மழைநீரை உள்ளே போ என்று வழி காட்டியது மாதிரி.

ஆம்ப்ளிஃபையர் நின்ற பிறகு டவர் ஏறும் ஆளை விட்டு அந்தக் கனெக்டரைக் கழற்றிக் கீழே கொண்டுவரச் சொன்னேன். என் உள்ளங்கையில் கவிழ்த்ததும் தண்ணீர் சொட்டியது. பின்னல் கம்பி ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை பூத்திருந்தது, நடு ஊசி கறுத்திருந்தது. தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கேபிள் அறைக்குள் நுழையும் முன் தொட்டில்போல் ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். அதையும் விடவில்லை. சுவர்த் துளையிலிருந்து ராக்கின் தலைவரை நீர் வடிந்த கோடு இருக்கிறது.

இதையெல்லாம் ஆம்ப்ளிஃபையர் தன் பாஷையில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நீங்கள் பொருத்திய அன்று உங்கள் அறிக்கையில், போகும் பவர் 50 வாட், ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் பவர் 0.5 வாட். சரியான அளவு. ஆடி மழைக்குப் பிறகு முகப்புத் திரையில் அது மெல்ல ஏறி, புரட்டாசியில் 6 வாட் ஆனது. அதாவது, திரும்புவது கூடக் கூட ஏறும் எஸ்டபிள்யூஆர் என்ற அளவு 2-ஐத் தாண்டிவிட்டது. ஒரு விஷயத்தை உங்கள் பொறியாளர்களும் கவனிக்க வேண்டும்: பவரைத் தின்னும் கேபிள், திரும்பி வருவதையும் தின்றுவிட்டுத்தான் கீழே காட்டும். கீழே 6 என்றால் மேலே கிட்டத்தட்ட 11 வாட் திரும்பியிருக்கிறது, போன 27-இல். நல்ல கேபிளாக இருந்திருந்தால் ஆபத்து இன்னும் முன்பே தெரிந்திருக்கும்.

இப்படித் திரும்புவது அதிகமானால் ஆம்ப்ளிஃபையரே எரிந்துவிடலாம் என்பதால், அது தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தப் பாதுகாப்பு. அது குறைத்தது, அலாரமும் அடித்தது. எங்கள் நிலையத்துப் பெண் உங்கள் சர்வீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டார். உங்கள் டெக்னீஷியன் என்ன செய்திருக்க வேண்டும்? டவர் ஏறிக் கனெக்டரைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மெனுவுக்குள் போய் அலாரம் அளவை மேலே ஏற்றிவிடச் சொல்லி, எந்தப் பட்டன், எந்த எண் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பினார். "இனி அலாரம் வராது, நிம்மதியா ஓட்டுங்க" என்பது அதில் கடைசி வாக்கியம். உண்மைதான், அலாரம் வரவில்லை. பிறகு ஒருநாள் ஆம்ப்ளிஃபையரே வரவில்லை.

அந்தக் குரல் பதிவும், கருவியிலேயே தேதி, நேரத்தோடு பதிவாகியிருக்கும் அலாரம் வரிசையின் படமும் என்னிடம் உள்ளன. இன்னொன்று: கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டு, ரப்பர் டேப் சுற்றியதும் திரும்பி வரும் பவர் கிட்டத்தட்ட இல்லை என்றே ஆகிவிட்டது. மின்னல் ஆன்டெனாவைத் தாக்கியிருந்தால் டேப் சுற்றியதும் சரியாகிவிடுமா? ஆம்ப்ளிஃபையரை நாங்கள் திறக்கவில்லை. உங்கள் சீல் அப்படியே இருக்கிறது. நீங்களே வந்து எங்கள் முன்னால் திறந்து பாருங்கள்.

அப்புறம் உங்கள் இரண்டு அலுவலகங்கள். கோவையில் கேட்டால், "சைட் கேரளாவில் இருக்கிறது, எர்ணாகுளத்தில் பேசுங்கள்" என்கிறார்கள். எர்ணாகுளத்தில் கேட்டால், "பில் தமிழ்நாட்டில் போட்டது, ஞங்ஙள்க்கு ஒந்நும் செய்யான் பற்றில்லா" (எங்களால் ஒன்றும் செய்ய முடியாது) என்கிறார்கள். வேலந்தாவளம், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தினமும் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். பணம் வாங்கும்போது உங்களுக்கும் இந்த எல்லை குறுக்கே நிற்கவில்லை. மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரி போட்டு ஒழுங்காகவே வாங்கினீர்கள்.

இப்போது எக்ஸைட்டரின் சில வாட்டை நேராக ஆன்டெனாவுக்குக் கொடுத்து ஒப்பேற்றுகிறோம். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டினால் இரைச்சல்தான். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துக் கடலை விவசாயிகளும், விடியற்காலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு தென்னையில் ஏறும் கள் இறக்குகிறவர்களும்தான் எங்கள் நேயர்கள். ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவில் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். எப்போது வருகிறது, மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து எந்தக் கால்வாயில் திறக்கிறார்கள் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் காலையில் சொல்வோம். அதைக் கேட்டுத்தான் பலர் வயலுக்குக் கிளம்புகிறார்கள். இப்போது போன் போட்டு, "ரேடியோ என்னாச்சுங்க?" என்று கேட்கிறார்கள். விளம்பரம் போட்ட கடைக்காரர்களும் கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஆம்ப்ளிஃபையரை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். அதுவரை தற்காலிகமாக ஒன்றைத் தாருங்கள். பில்லில் உள்ள அரை அங்குலக் கேபிள், சர்ஜ் அரெஸ்டர், செப்புப் பட்டை ஆகியவற்றைப் போடுங்கள். எர்த் குழி மதிப்பை மீட்டரில் அளந்து எழுதித் தாருங்கள். எங்கள் கரிசல் மண் கோடையில் வெடித்து விலகும், அதனால் சித்திரையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். ராக்கைச் சுவரிலிருந்து நகர்த்தி, ரெயில் போட்டு, பெட்டிகளுக்கு நடுவே இடம் விட்டு மறுபடி அடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரை முதலில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டுவது) ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் ஆன்டெனாவில் கொடுங்கள். பாதுகாப்பு அளவுகளைத் தொழிற்சாலை நிலைக்கே வையுங்கள். அலாரம் அளவை ஏற்றச் சொன்ன தம்பியைத் திட்ட வேண்டாம். டவர் ஏற ஆள் அனுப்பாமல் போனிலேயே முடிக்கச் சொன்னது யார் என்று மட்டும் விசாரியுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக வழக்குப் போடுவோம். வாங்கியவர் இருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே நீங்கள் வர வேண்டியது பாலக்காடு மாவட்ட ஆணையத்துக்கு. பில் எந்த மாநிலம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கொட்டேஷன், பில், ஓரக் குறிப்புள்ள வேலை முடிவு அறிக்கை, போட்டோக்கள், அலாரம் பதிவின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். குரல் பதிவை உங்கள் ஆள் நேரில் வரும்போது போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்