ஒத்த எஞ்சின் சண்டை இன்னும் முடியல

முத்து,

எப்டிடா இருக்க, வாக்கர் இல்லாம நடக்குறன்னு உன் மவ வாட்ஸ்அப்ல போட்டிருந்துச்சு, ரொம்ப சந்தோஷம். நான் சிங்கப்பூர் ஈசூனுக்குத் திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆச்சு, ஜெட்லேக் இன்னும் போகல, காலைல மூணு மணிக்கே முழிச்சிட்டு உக்காந்திருக்கேன், காப்பிக்கடையும் தொறக்கல, அதான் உனக்கு எழுதுறேன்.

அமெரிக்கால வாஷிங்டன் பக்கம் இருக்குற டலஸ் ஏர்போர்ட் பக்கத்துல ஒரு பெரிய விமான மியூசியம் இருக்கு, மருமகன் கூட்டிட்டுப் போனாரு. பேரன் டிஸ்கவரி ஷட்டில் பாக்க ஓடிட்டான், நான் ஒரு வெள்ள ஹெலிகாப்டர்கிட்ட நின்னவன் நின்னவன்தான். எச்எச்-52ஏ டா! நம்ம ஹேங்கர்ல டீ பிரேக்ல பழைய மேகசின்ல பாத்துட்டு, கடலுக்கு மேல ஒத்த எஞ்சின் போதுமா, ரெட்ட எஞ்சின் வேணுமான்னு சண்ட போட்டோமே, அதே சீகார்ட். சிகார்ஸ்கி செஞ்சது, அமெரிக்க கோஸ்ட்கார்ட், அதான் கடலோரக் காவல்படை, 1963லேந்து 1989 வரைக்கும் வச்சிருந்தாங்க, வாங்குனதே 99தான்.

குனிஞ்சு அடியப் பாத்தேன். அசல் படகுடா, நடுவுல படகோட அடிக்கட்ட மாதிரி கூரா வருது, ரெண்டு பக்கமும் மிதவை, சக்கரம் அதுக்குள்ள மடங்கிக்கும். எங்கப்பா சிலேத்தார் கேம்ப்ல சண்டர்லேண்ட்ங்கிற கடல்விமானத்தோட அடிய சொரண்டுன கதை சொல்வாருல்ல, அது ஞாபகம் வந்துருச்சு. கதவுகிட்ட ஒரு மேடைய மாட்டிக்கிட்டா ஆளு அதுல நின்னுகிட்டே தண்ணில கெடக்குறவன சட்டையப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்ருவான். கடல் நல்லா இருந்தா கயிறே வேணாம், பக்கத்துல போய் உக்காந்துரும். ஆனா உப்புத் தண்ணில எறங்குனா ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும், அந்தக் கஷ்டம் நமக்குத்தான் தெரியும் லா.

ஒத்த எஞ்சின வச்சிட்டு கடலுக்கு மேல போறவன் பைத்தியக்காரன்னு நீ சொல்வ. கேளு, இதோட டி58 டர்பைன் எஞ்சினால 1250 குதிரைசக்தி குடுக்க முடியும், ஆனா ரோட்டரும் கியர்பாக்ஸும் பழைய எஸ்-55 ஹெலிகாப்டர்லேந்து எடுத்தது, தாங்காது, அதனால 730க்கு அடக்கி வச்சிட்டாங்க. எஞ்சின் அசால்ட்டா ஓடும், படுத்தா கூட கீழ தண்ணிதான, படகா மாறிக்கும். 15,000 பேருக்கு மேல காப்பாத்திருக்கு, பைத்தியக்காரன் செஞ்ச வேலயா இது?

சரி, நீயும் சிரிச்சுக்க. அங்க நிக்கிறது 1426ஆம் நம்பர், 1979 நவம்பர்ல கால்வெஸ்டன் பக்கம் பர்மா அகேட்ங்கிற எண்ணெய்க் கப்பல் மோதி எரிஞ்சப்ப ஆளுங்கள தூக்குனது, அதுல கயிறு போட்டுத்தான் தூக்கிருக்கான், படகு அடி எதுக்கும் உதவல. உடனே நீ செந்தோசா கேபிள் காரத்தான் எடுப்ப, எனக்குத் தெரியும். 1983ல எண்ணெய்க் கிணறு தோண்டுற எனிவெடாக் கப்பலோட கோபுரம் கேபிள்ல மாட்டி ஏழு பேரு செத்து, மீதி 13 பேரு அந்தரத்துல தொங்குனாங்க, ராத்திரி பூரா நம்ம விமானப்படையோட பெல் 212 ஹெலிகாப்டர்தான போய் எறக்குச்சு, அதுக்கு ரெட்ட எஞ்சின். சீகார்டுக்குப் பதிலா வந்த டால்ஃபினும் ரெட்ட எஞ்சின்தான், படகு அடியும் கெடையாது. எஞ்சின்ல நீ ஜெயிச்ச, ஒத்துக்கிறேன். படகு அடிய விட்டது தப்புதான், அத நான் விடமாட்டேன்.

போட்டோ அனுப்புறேன், எல்லாம் அடிப்பக்கமா எடுத்தது. பேரன் பாத்துட்டு "தாத்தா, ஹெலிகாப்டர் எங்க?"ங்கிறான்.

ராசு