லண்டனிலிருந்து அப்பாவுக்கு: தலைநகரங்களின் பெயர்கள் குறித்து

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்கிறேன். குளிர் கடுமைதான் என்றாலும், பல நாட்டவரோடு வேலை செய்வதால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பூகோளம் கற்பித்தவர் நீங்கள் என்பதால், இந்தக் கிடங்கில் நான் நாள்தோறும் காணும் ஒன்றை உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

அண்மையில் வந்த ஒரு பெட்டியின் மேல், அனுப்பியவர் கையெழுத்தில் 'வீன்' என்றிருந்தது. நாங்கள் ஒட்டிய அச்சுச் சீட்டில் 'வியன்னா' என்றிருந்தது. இரண்டும் ஆஸ்திரியத் தலைநகரையே குறிக்கின்றன. உடன் வேலை செய்யும் போலந்துப் பெண் தம் தலைநகரை 'வர்ஷாவா' என்கிறார். மேற்பார்வையாளர் அதையே 'வார்சா' என்கிறார். தக்கலையில் நாங்கள் உங்களிடம் மனப்பாடம் செய்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலேயரின் வழக்கில் உள்ளவை. அந்தந்த ஊரார் சொல்பவை வேறு.

ஆங்கிலேயர் இந்தப் பெயர்களைத் தாங்களாகத் திரித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அந்த ஊரை யார் வழியாக முதலில் அறிந்தார்களோ, அவர்கள் சொன்ன வடிவமே நிலைத்துவிட்டது. வியன்னா இலத்தீன், இத்தாலிய வழக்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகன், டென்மார்க்கோடு வணிகம் செய்த வட ஜெர்மானியர் சொன்ன வடிவம். பிராக் பிரெஞ்சு எழுத்துமுறையோடு வந்தது. அந்த பிராக்கில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. செக் மொழியில் அந்நகரின் பெயர் இன்று 'ப்ராஹா'. ஆனால் பழங்காலத்தில் அந்த 'ஹ' ஒலி 'க'வாகவே இருந்தது. பிற்பாடு செக் மக்களின் நாவில்தான் அது மாறியது. ஆகவே வெளியூரார் வாயில் இருப்பதே பழைய ஒலி. பாரிஸும் அவ்வாறே: பிரெஞ்சுக்காரர் கைவிட்ட கடைசி 'ஸ்' ஒலியை ஆங்கிலேயர் இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். அந்நியர் சொல்லும் பெயர் என்றாலே சிதைந்த பெயர் என்று எண்ணுவது சரியன்று என்பது என் கருத்து. நெடுநாள் உறவு இல்லாத, ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானா போன்ற நகரங்களுக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் நிலைக்கவும் இல்லை.

எனினும், ஊருக்குரியவர்கள் மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்ட பிறகு பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது மரியாதையன்று. 1979 முதல் சீன அரசு தன் வெளிநாட்டு வெளியீடுகளில் சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் புதிய முறையைக் கையாண்டதிலிருந்து பீகிங் மெல்ல மெல்ல பெய்ஜிங் ஆயிற்று. வங்கதேசம் 1982இல் தன் தலைநகரின் ஆங்கில எழுத்துகளை டாக்கா என்னும் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. உக்ரைன் 1995இலேயே கீவ் என்பதைத் தன் மொழியின்படி எழுதுமாறு முறைப்படுத்தியும், ரஷ்ய மொழி வழியாக வந்த பழைய எழுத்தை அமெரிக்க அரசின் பெயர் வாரியம் 2019இல்தான் விட்டது. ஆள்பவர் மொழியின் வழியாகப் பெயர் போவது அந்த மக்களுக்கு எத்தனை வருத்தம் தரும் என்பது நம் குமரி மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்கும்.

பத்மநாபபுரத்திலிருந்து 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் மாறிய திருவனந்தபுரத்தை, 1991 வரை ஆங்கிலத்தில் அரசே 'ட்ரிவாண்ட்ரம்' என்றுதான் எழுதியது. நம் குமரிமுனை போர்த்துகீசியர் வாயில் 'கொமொரிம்' ஆகி, ஆங்கிலத்தில் 'கேப் காமரின்' ஆயிற்று. திருவனந்தபுரத்துக்கு நான் விமானப் பயணச்சீட்டு எடுத்தால், அதில் இன்றும் ட்ரிவாண்ட்ரத்தின் எழுத்துகளாலான 'டிஆர்வி' என்ற விமான நிலையக் குறியீடே அச்சாகிறது. பெய்ஜிங்கின் தலைநகர் விமான நிலையமும் 'பிஇகே' என்னும் பழைய பெயரின் எழுத்துகளையே சுமக்கிறது. பலகைகளையும் வரைபடங்களையும் மாற்றிய பிறகும் குறியீடுகள் மாறாமல் இருக்கின்றன.

தமிழில் நாம் ஆங்கிலத்தின் பின்னாலேயே போக வேண்டியதில்லை, அப்பா. ஆலயத்தில் வாசிக்கும் வேதாகமத்தில் ரோமாபுரி, அத்தேனே, தமஸ்கு என்ற பெயர்கள் ஆங்கிலத்தைச் சாராமலேயே நம்மிடம் இருக்கின்றன. ரோமை அவ்வூரார் 'ரோமா' என்றும், டமாஸ்கஸை அரபியர் 'திமஷ்க்' என்றும் சொல்வதோடு ஒப்பிட்டால், நம் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களைவிட நெருங்கியே நிற்கின்றன. பத்திரிகைகள் அவற்றை விட்டு ஆங்கில வழக்கை எழுதுவது எனக்கு மனக்குறையாகவே இருக்கிறது.

ஊருக்கு வரும் நண்பரிடம் ஓர் உலக வரைபடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் ஒவ்வொரு தலைநகருக்கும் அந்தந்த நாட்டார் எழுதும் பெயரும், அடியில் ஆங்கிலப் பெயரும் அச்சாகியுள்ளன. மாலையில் உங்களிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். தமிழில் எதை எவ்வாறு எழுதலாம் என்று நீங்கள் முடிவுசெய்வதை எனக்கும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்