செயின் ரம்பம் விற்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் விற்கிற, வாடகைக்குத் தருகிற மின்சாரச் செயின் ரம்பங்கள் என்றைக்காவது ஒருநாள் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. செயின் தீட்டுவது, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரை மாற்றுவது, கருகிப்போன மோட்டாரைப் பிரிப்பது என் வேலை. மெஷினைப் பார்த்தாலே, அதை வாங்கிப்போனவரிடம் கடையில் என்ன சொன்னார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். “வாங்கி மூணு நாள்தான் ஆகுது. அறுக்கவே மாட்டேங்குது, புகைதான் வருது” என்றார். கவரைக் கழற்றினால், செயினைத் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார். பாரின் மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் நுனியை, அதாவது மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். இவருடையது கைப்பிடியைப் பார்த்து இருந்தது. மூன்று நாளும் அவர் மரத்தை அறுக்கவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்டு விழவில்லையே என்று உடம்புக் கனத்தை எல்லாம் மெஷின் மேல் போட்டு அழுத்தியும் இருக்கிறார். எண்ணெய்த் தொட்டியைத் திறந்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. “எண்ணெய் வேற ஊத்தணுமா? கரண்ட் மெஷின்தானே?” என்று கேட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெட்ரோல் ரம்பத்தில் எரிபொருள் தீரும்போதெல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டும். கையோடு செயின் எண்ணெயையும் ஊற்றிவிடுவார்கள். மின்சார ரம்பத்தில் அப்படி நிறுத்துகிற வேளையே கிடையாது. கரண்ட் இருக்கிற வரை ஓடும். ஆகவே கடையில் யாராவது சொன்னால்தான் உண்டு. ஒரு வெளிர்நிறப் பலகைக்கு மேலே, அதைத் தொடாமல், பாரின் நுனியை நீட்டிச் சில விநாடி ஓட்டிக் காட்டுங்கள். பலகையில் எண்ணெய்க்கோடு தெறித்தால் சரி. தெறிக்காவிட்டால் மெஷினைத் தரவே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது: “இது சின்ன மெஷின், கரண்ட்ல ஓடுறது, யார் வேணாலும் பிடிக்கலாம்.” 1926-இல் ஜெர்மன் பொறியாளர் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின்சாரச் செயின் ரம்பம் 64 கிலோ இருந்தது. இரண்டு பேர் இல்லாமல் அதை வேலை வாங்க முடியாது. அதை யாரும் விளையாட்டாகத் தூக்கியிருக்க மாட்டார்கள். இப்போது கனம் போய்விட்டது, பல் அப்படியே இருக்கிறது. ஒயர் மாட்டி ஓட்டுகிற பல மெஷின்களில் செயின் விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 35 செ.மீ. பாரில் மாட்டும் செயினின் நீளமே சுமார் ஒரு மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண் மூடித் திறப்பதற்குள் அது பல சுற்றுச் சுற்றிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் சும்மா நிற்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். “நான் உயிரோடு இருக்கிறேன்” என்று சொல்கிற மாதிரி. மின்சார ரம்பம் அப்படிச் சொல்லாது. ஸ்விட்சை விட்டால் அமைதி. அந்த அமைதியில் செயினைக் கையால் தொடத் தோன்றும். எனக்கே நடந்தது. பழுதுக்கு வந்த ஒரு மெஷினில் ஸ்விட்ச் உள்ளே சிக்கியிருந்தது. நான் கவனிக்காமல் பிளக்கைச் செருகினேன். மேசையிலிருந்து துள்ளி, ஓடிக்கொண்டே என் காலடியில் விழுந்தது. செருப்பின் ஓரம் போனதோடு சரி. அன்றிலிருந்து, ஸ்விட்சை அழுத்திவிட்டு அது தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக் பக்கம் போவேன். செயினைத் தொட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்துவிட வேண்டும். வாங்குகிறவர் கண்ணெதிரே நீங்கள் அதைச் செய்தாலே போதும், தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது உதை. மெஷின் உதைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த இடம் பட்டால் உதைக்கும் என்று காட்டுகிறவர்கள் குறைவு. பாரின் மூக்கு வளைவில் மேல்பாதிதான் அந்த இடம். அறுக்கிற கட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கிளையில் அது பட்டாலும் போதும். அந்த இடத்தில் பல் மரத்தைக் கடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும், செயின் ஒரு கணம் நிற்கும், செயினை ஓட்டிய விசை முழுவதும் பாரை மேலே தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பார் எந்தக் கோட்டில் மேலே வருமோ அந்தக் கோட்டில் தலை இருக்கக் கூடாது. சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி அடியில் இறுகியிருக்க வேண்டும். விரலை மேலே சும்மா வைத்திருந்தால் முதல் உதையிலேயே பிடி நழுவிவிடும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டவே வேண்டாம். மூக்கின் மேல்பாதியில் சிவப்பு பெயின்ட் அடித்துக் காட்டுங்கள் என்பேன். இரண்டு நிமிட வேலை.

அந்த உதையின்போது கைகொடுப்பது முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பான காப்பும் அதோடு சேர்ந்த செயின் பிரேக்கும்தான். மணிக்கட்டு காப்பில் இடித்ததும், பல மெஷின்களில் இடிக்காமலே உதையின் வேகத்திலேயே, பிரேக் விழுந்து செயின் நின்றுவிடும். ஒரு வாடகைக் கடையிலிருந்து என்னிடம் வந்த மெஷினில் அந்தக் காப்பைப் பின்னுக்கு இழுத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கேட்டால், “பிரேக் விழுந்து கிடந்தா மெஷின் ஓடலைன்னு கஸ்டமர் போன் பண்றாங்க சார்” என்றார்கள். அந்த போனுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். கம்பியை அறுத்துக் கையில் கொடுத்தேன். அடுத்த முறையும் அப்படி வந்தால் தீட்டாமல்தான் திருப்பி அனுப்புவேன்.

ஒற்றைக் கையில் பிடிக்கும் குட்டி பேட்டரி ரம்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது அதிகம் விற்பது அதுதான் போலிருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குச் செயின் பிரேக்கே கிடையாது. வலது கையில் மெஷின், இடது கையில் கிளை. கிளை அறுந்ததும் ரம்பம் அடுத்து எங்கே போகும்? பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அறுப்பவர் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை நம்பி விற்காதீர்கள். கிளையை இன்னொரு கையால் பிடிக்காதீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பாதுகாப்புக் கால்சட்டை விற்கிறவர்களுக்கும் ஒன்று. அந்தத் துணிக்குள் இருக்கும் நீள நார்கள் செயினோடு இழுபட்டுப் போய்ப் பல்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்தும், அதுதான் அதன் சூட்சுமம். மின்மோட்டார் குறைந்த வேகத்திலும் விடாமல் இழுக்கும் என்பதால், சில கால்சட்டைகளோடு வரும் விவரச் சீட்டிலேயே மின்சார ரம்பத்துக்கு ஏற்றதல்ல என்று போட்டிருப்பார்கள். படித்துப் பார்த்து விற்கவும். கண்ணாடியும் காதுக்காப்பும் எப்படியும் வேண்டும்.

ஒயர் விஷயம் சுருக்கமாக. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்தால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறையும், மோட்டார் சூடாகும், கடைசியில் என் மேசைக்கு வரும். சுருளில் சுற்றிய ஒயரை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில் மாட்டச் சொல்லுங்கள். ஒயர் எப்போதும் ஆளுக்குப் பின்னால் போக வேண்டும். மழை ஈரத்தில் வேண்டாம்.

செயின் இறுக்கத்தையும் கையால் காட்டிவிடுங்கள். பாரின் அடிப்பக்கம் தொங்கக் கூடாது, கையுறை போட்டு இழுத்தால் எளிதாக நகர வேண்டும். ஓடி சூடானால் செயின் நீண்டு தொய்யும். அப்போது இறுக்கினால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கிப் பாரை இறுக்கிப் பிடிக்கும்.

நான் கேட்பது இதுதான். கடை வாசலில் ஒரு கட்டை போட்டு வையுங்கள். பணம் வாங்குவதற்கு முன் அவரையே செயின் மாட்டச் சொல்லி, எண்ணெய் ஊற்றச் சொல்லி, பிரேக்கைப் போட்டு எடுக்கச் சொல்லி, ஒரே ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும். கட்டை கிடைக்கவில்லை என்றால் ஆள் அனுப்புங்கள், தீட்டிய செயினைச் சரிபார்க்க நான் அறுத்துப் போட்டவை பட்டறைப் பின்பக்கம் நிறையக் கிடக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் ரம்பங்களைத் தீட்டுகிறவன்