ஆற்றங்கரைப் பூங்கா முகாம்: புதன்கிழமைக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை மாலை 3 மணி முதல் ஞாயிறு காலை 10 மணி வரை ஆற்றங்கரைப் பூங்காவில் குடும்பத்தோடு தங்குகிறோம். இடம் பதிவு செய்தாகிவிட்டது.

1. மொத்தம் எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை என்று புதன் இரவு 9 மணிக்குள் இங்கேயே சொல்லுங்கள்.

2. கூடாரத்தைத் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, மேட்டில்தான் அடிக்க வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் எங்கோ மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறிவிடும். கரையோரம் ஒரு குச்சியை நட்டு வைப்போம். தண்ணீர் அதைத் தொட்டாலோ, தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியுமாக வந்தாலோ, சாமான்களை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

3. படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான்.

4. எவ்வளவு குளிரினாலும் அடுப்பு, கரி எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அவை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

5. டார்ச், கம்பளி, தரையில் போடத் தடிமனான விரிப்பு. தரையின் குளிர்தான் அதிகம் வாட்டும்.

அப்புறம், பருவத்துக்கு ஒரு முறையாவது போகலாம் என்று ஆசை: வெயிலில் படகு, மழை விட்டதும் பறவைகள், குளிரில் நீண்ட நடை. எதற்கு யார் பொறுப்பெடுக்கிறீர்கள்? அதையும் சேர்த்தே எழுதுங்கள்.