சூட்டோடு கவரில் கட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள், இரு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர்கள், உள்ளாட்சி ஆணையர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அண்மையில் நம் பகுதியில் ஒரு சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு இட்லிப் பொட்டலம் தந்தார்கள். ஆவி பறக்கும் இட்லி பிளாஸ்டிக் தாளில். சாம்பார், ரப்பர் பேண்டு போட்ட சின்னக் கவரில், கை வைக்க முடியாத சூட்டில். பிறகு பேப்பர் கப்பில் டீ. அதில் சர்க்கரை இல்லை, அந்தக் கவனம் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

முகாம் நடத்தியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஒசூர், எங்கே காலையில் பார்சல் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் கைக்கு வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கொதிக்கும் உணவும் டீயும் பிளாஸ்டிக்கில் படுவதை இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறுத்துங்கள்.

ஏன் சாம்பார் கவரையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று கேட்கலாம். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்கும் என்பதைச் சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. சாம்பாரில் நான்கும் சேர்ந்து வருகின்றன. அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றும்போது 85, 90 டிகிரி இருக்கும். தாளித்த எண்ணெய் மேலே மிதக்கும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் கொழுப்பில் கரைபவை. புளியும் தக்காளியும் வேறு. கட்டியதை வீட்டில் பிரிக்க அரை மணி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. பொட்டலம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் உணவின் அளவோடு ஒப்பிட்டால் அதைத் தொடும் பிளாஸ்டிக்கின் பரப்பு கூடும். 100 மில்லி சாம்பார்க் கவர் அந்த வகையில் பெரிய டிரம்மைவிட மோசம். சால்னாவும் குருமாவும் எண்ணெயால் இன்னும் ஒரு படி மேலே.

கவரில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று கவர் வியாபாரிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். கவர் செய்யும் பாலிதீனிலும் பாலிபுரொப்பிலீனிலும், ஹார்மோனைக் குழப்பும் ரசாயனமான பிஸ்பீனால்-ஏ சேர்ப்பதில்லை. அது பாலிகார்பனேட் வாட்டர் கேனிலும், டின்களின் உட்பூச்சான எப்பாக்சியிலும், பில் அடிக்கும் வழவழப்புத் தாளிலும் இருப்பது. தாலேட்டின் முக்கிய இருப்பிடம் பிவிசி என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். புதிய மூலப்பொருளில் செய்த உணவுத்தரக் கவரில் இரண்டுமே இருக்க வேண்டியதில்லை. ஆனால் கடைகளில் தொங்கும் கவர்க்கட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இருக்காது, தடிமன் காட்டும் மைக்ரான் அளவு இருக்காது, உணவுத்தரக் குறியும் இருக்காது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சாயம் சேர்த்து ஊதிய கவரில் முன்பு என்னென்ன இருந்தது என்று ஊதியவருக்கே தெரியாது. வெளிநாடுகளில் கறுப்பு பிளாஸ்டிக் உணவுப் பொருட்களைச் சோதித்தபோது, பழைய டிவி, கம்ப்யூட்டர் ஓடுகளில் சேர்க்கும் புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனங்கள் கிடைத்தன. இதனால்தான் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக் கைப்பைகளில் சமைத்த உணவைக் கட்டக் கூடாது என்றன. பேப்பர் கப்பின் உள்ளேயும் மெல்லிய பாலிதீன் படலம்தான். சூடான நீரை அதில் 15 நிமிடம் வைத்தால் 100 மில்லியில் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி 2020இல் அளந்து சொன்னது.

சர்க்கரை நோய்க்கு சாம்பார்க் கவரே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரம்பரை, எடை, மூன்று வேளை அரிசி, நடக்காமை எல்லாம் முன்னே நிற்கின்றன. இது அவற்றின் மேல் ஏறும் சுமை. பிஸ்பீனால்-ஏ ஈஸ்ட்ரோஜன் போல நடித்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் குழப்புகிறது. அமெரிக்காவில் 1,455 பேரின் சிறுநீரைச் சோதித்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், பிஸ்பீனால்-ஏ அதிகம் இருந்தவர்களிடம் நீரிழிவும் அதிகம் காணப்பட்டது. அது வெறும் தொடர்பு, காரணம் அல்ல என்று அப்போது தள்ளிவிட முடிந்தது. 2024இல் ஆரோக்கியமான 40 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு வந்தது. அமெரிக்க அரசு பாதுகாப்பானது என்று வைத்திருக்கும் அளவை, உடல் எடை கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், நான்கு நாள் கொடுத்ததற்கே இன்சுலினுக்கு உடல் தரும் பதில் குறைந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிஸ்பீனால்-ஏவுக்கான தன் தினசரி வரம்பை 20,000 மடங்கு குறைத்து, உடல் எடை கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்று வைத்தது. நம் நாட்டு விதியோ, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு மொத்தமாக எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு உணவு கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று ஒரு உச்சம் வைக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் ஒப்பிடும் கணக்கல்ல. ஆனாலும், எடையில் தேறிய கவர் எல்லாம் ஹார்மோனில் தேறியதாக ஆகாது.

கிருஷ்ணகிரி மாங்கூழ் டின்னில் கடல் தாண்டிப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் உணவு தொடும் பொருட்களில் பிஸ்பீனால்-ஏவைத் தடை செய்து, பழ டின்கள் போன்றவற்றுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. அங்கே சாப்பிடுபவருக்காக நம்மூர் டின்னின் உட்பூச்சைப் பார்க்க ஆள் உண்டு. இங்கே சாப்பிடுபவரின் கவரைப் பார்க்க யாரும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. சாம்பார்க் கவரும் தேடித்தான் வருகிறது. தின்று முடித்த கவரைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதில் பிவிசி கலந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும். வியட்நாம் போரில் டயாக்சின் கலந்த களைக்கொல்லியில் நின்ற வீரர்களின் நீரிழிவுக்கு அமெரிக்கா 2001 முதல் இழப்பீடு தருகிறது. நம் தெருமுனைக்கு யார் தருவார்கள்? சரி, இது வேறு மடலுக்கான கோபம். கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம்.

கொதிக்கும் உணவு பிளாஸ்டிக்கில் படக் கூடாது. இதற்குத் தள்ளுவண்டி அக்காவிடம் 100 ரூபாய் அபராதம் வசூலித்துப் படம் எடுத்தால் போதாது; கவர் வரும் வழி அப்படியே இருக்கும். பதுக்கி மொத்தமாக விற்பவருக்கு முதல் முறையே 25,000 ரூபாய் என்று விதி இருக்கிறது. தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓட்டல்காரர்களுக்கு மாற்று வழியையும் கையில் கொடுங்கள். இட்லி, தோசைக்கு அனலில் வாட்டிய வாழை இலை. வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். வெளியே பழுப்புத் தாள் சுற்றலாம், செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். வாழை இலை போலப் பச்சையாக அச்சடித்த தாளை நம்ப வேண்டாம். ஓரத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டால் பாலிதீன் படலம் தனியே உரிந்து வரும். சாம்பாருக்குத் தூக்குப் போசி கொண்டுவருபவருக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள். கொண்டுவராதவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பா; ஊரில் எல்லாக் கடையிலும் ஒரே அளவாக இருந்தால் எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம். கடைக்குக் கடை அளவு மாறினால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட ஓடாது. கட்டட வேலைக்கும் சிப்காட் ஷிப்டுக்கும் போகும் டீக்கு ஃபிளாஸ்க்கும் கண்ணாடி டம்ளரும். ஃபிளாஸ்க்கின் உட்புறம் எவர்சில்வரா என்று திறந்து பார்த்து வாங்க வேண்டும்.

அரசுப் பணத்தில் பரிமாறும் முகாம், கூட்டம், கேன்டீன் எல்லாவற்றிலும் இதை முதலில் செய்யுங்கள். கொள்முதல் ஆணையில் ‘எவர்சில்வர் அல்லது இலை’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பலன் தெரியப் பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பிஸ்பீனால்-ஏவின் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்து குடும்பங்கள் மூன்று நாள் பிளாஸ்டிக்கும் டின்னும் தொடாத உணவு சாப்பிட்டதில் சிறுநீரில் பிஸ்பீனால்-ஏ அளவு 66 சதவீதம் குறைந்தது.

வாட்டர் கேன் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடுக்குப் பயந்து இம்மாவட்டங்களில் கேன் வாங்கப் பழகியவர்கள் ஏராளம். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கேனையும், கீறல் விழுந்து மங்கிய பழைய கேனையும் புழக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவில் கேன் விற்பனை தானாகக் குறையும்.

இரு மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் உத்தரவு வர வேண்டும் என்று பணிவுடன் கேட்கிறோம். தொப்பூரிலிருந்து ஒசூர் வரை ஒரே சாலை. தருமபுரியில் பிடித்தால் கிருஷ்ணகிரியில் வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்திலும் உணவுத் துறையிலும் வேலை செய்யும் சிலர்,
தருமபுரி