காற்று இல்லாவிட்டாலும் நிலவு கறுக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலவில் காற்றும் மழையும் இல்லை, அதனால் அங்கே கல் மாறாமல் அப்படியே கிடக்கும் என்று என் பேத்திக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை.

காசிமேட்டில் முப்பது வருஷம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன் நான். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று தெரியும். பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாகக் கழன்று வரும். நிலவின் தேய்மானம் வேறு மாதிரி. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னேற்றத் துகள்களும் (இதைச் 'சூரியக் காற்று' என்பார்கள்; நம் காற்று அல்ல) மணலைவிடப் பொடியான விண்கல் தூசியும் ஓயாமல் வந்து மோதுகின்றன. மோதிய இடத்தில் கல் உருகி ஆவியாகும். அந்த ஆவியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இரும்பு மணிகள் மண்துகள்மேல் படியும். துரு அல்ல, அசல் இரும்பு! பழைய மண் கறுத்தும், புதுப் பள்ளங்களின் ஓரம் வெளுத்தும் தெரிவது இதனால்தான். இந்தக் கறுப்பு, தூரத்திலிருந்து கனிமங்களை அடையாளம் காண்பதையும் கடினமாக்குகிறது.

அதனால்தான் 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நிலவின் தரையிலேயே மண்ணைச் சோதித்ததைப் பெரிய காரியம் என்கிறேன். கந்தகம் இருப்பதை அது அங்கேயே உறுதி செய்தது.

நிலவின் மேட்டுநிலப் பாறையான அனார்த்தசைட், நம் நாமக்கல் சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது. இஸ்ரோ சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை அதிலிருந்துதான் தயாரித்தது. அந்தக் கல்லில் ஆளுக்கொரு துண்டு வடசென்னைப் பள்ளிகளுக்குக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கட்டும்.

– ஓய்வுபெற்ற வெல்டர், காசிமேடு, சென்னை